ஒரு மணி நேரம், ஒரே ஒரு கிண்ணம்: மியூசியம் எப்படி வகுப்பறையாகும்?

காலேஜ் டூர்ல மியூசியம் போன நாளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. விடியற்காலை பஸ். கடைசி சீட்டில் டான்ஸ். பதினோரு மணிக்கு மியூசியம். அறுபது பேர் வரிசையாக உள்ளே போய், கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து, நாற்பது நிமிஷத்தில் வெளியே வந்து ஒரு குரூப் போட்டோ. அதற்கப்புறம் குற்றாலம். 'உள்ளே என்ன பார்த்தே?' என்று வீட்டில் கேட்டால், 'பெரிய பெரிய பானையா இருந்துச்சு.' அவ்வளவுதான்.

நானும் அந்த வரிசையில் நடந்தவன்தான். கூட வந்த ஆசிரியருக்கும் அன்றைக்கு இருந்த ஒரே கவலை, தலை எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதுதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மியூசியத்தை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று நம் ஊரில் கல்லூரி ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் உலகத்தில் பல பல்கலைக்கழகங்களில் இது ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. அதில் நம்ம ஊருக்கு எது ஒத்துவரும்? சாத்தான்குளத்தை மையமாக வைத்துப் பார்க்கலாம்.

சாத்தான்குளத்துக்கும் மியூசியத்துக்கும் என்ன சம்பந்தம்?

சாத்தான்குளத்தில் அரசு மகளிர் கலை, அறிவியல் கல்லூரி இருக்கிறது. தேரி மண்ணும் பனையும் சூழ்ந்த கிராமங்களில் இருந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் பெண்கள் படிக்கிற மாதிரியான ஊர் இது. கல்லூரிக்குள் கலை அருங்காட்சியகம் என்றெல்லாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் வந்துவிடும்.

அந்த இடத்தின் கதை தெரிந்ததுதான். 1876ல் ஜெர்மனியின் ஜாகோர் வந்து தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899ல் இருந்து அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டினார். வெண்கலப் பொருட்கள், இரும்பு ஆயுதங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் எல்லாம் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. 2004-05ல் மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. 160க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள். அந்தத் தோண்டலில் கிடைத்த மாதிரிகளின் கார்பன் காலக்கணிப்பு 2019ல்தான் வெளியே வந்தது: கி.மு. 905, கி.மு. 696.

கவனிச்சீங்களா? ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த மண்ணில் எடுத்ததை இந்த மண்ணின் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூருக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 5 அன்று ஆதிச்சநல்லூரிலேயே, தோண்டிய குழிகளுக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்தார்கள். திருநெல்வேலி பக்கத்தில் ரெட்டியார்பட்டி மலையை ஒட்டி, ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றுக்கும் சேர்த்துப் பொருநை அருங்காட்சியகத்தைத் தமிழக அரசு கட்டியிருக்கிறது.

கட்டிடம் வந்தாச்சு. அது வகுப்பறையாகுமா, செல்ஃபி பாயின்ட்டாகுமா என்பது கட்டிடத்தின் கையில் இல்லை. பக்கத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

பல்கலைக்கழக மியூசியம் புது ஐடியாவா?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் 1683ல் திறந்தது. இந்தியாவில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1937ல் அசுதோஷ் மியூசியத்தைத் தொடங்கியது. காசியில் ராய் கிருஷ்ணதாஸ் 1920ல் ஆரம்பித்த பாரத் கலா பவன், 1950ல் பனாரஸ் இந்து பல்கலைக்கழக வளாகத்துக்குள் வந்தது; சிற்றோவியங்களுக்கு உலக அளவில் பேர் பெற்ற இடம். நம் பக்கம் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அருங்காட்சியகம் உண்டு.

அமெரிக்காவில் ஓபர்லின் என்ற சின்னக் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. 1940களில் இருந்தே அங்கே மாணவர்கள் சொற்ப வாடகை கட்டி, மியூசியத்தின் அசல் ஓவியங்களையே ஒரு செமஸ்டருக்கு ஹாஸ்டல் அறைக்கு எடுத்துப் போகலாம். பிக்காசோ படைப்பெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எடுக்கிற நாளுக்கு முந்தின ராத்திரியே வாசலில் கூடாரம் போட்டுப் படுத்துக்கொள்வார்களாம், முதல் நாள் முதல் ஷோ மாதிரி.

நமக்கு அது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற எண்ணம் எளிது. ஒரு பொருளோடு அதிக நேரம் இருந்தால் அது பேச ஆரம்பிக்கும்.

ஹார்வர்டில் கலை வரலாறு நடத்தும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலை இன்னும் கடுமை: ஒரே ஓவியத்தின் முன்னால் மூன்று மணி நேரம். கேட்டவுடன் எல்லாரும் அலறுவார்களாம். அவரே அதைச் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். ஜான் சிங்கிள்டன் காப்ளி 1765ல் வரைந்த ஓவியம். ஒரு பையன், பக்கத்தில் அவன் வளர்க்கும் பறக்கும் அணில். பையனின் காது வளைவும் அணிலின் வயிற்றோர ரோம வளைவும் ஒரே மாதிரி இருப்பது அவர் கண்ணில் பட 9 நிமிஷம் ஆனது. கலை வரலாற்றுப் பேராசிரியருக்கே 9 நிமிஷம்! நாம் ஒரு ரீலுக்கு எத்தனை செகண்ட் கொடுக்கிறோம்?

'எனக்கு ஆர்ட் தெரியாதே மேடம்'

கணக்கு, வேதியியல், வணிகவியல் ஆசிரியர்களிடம் இதைப் பேசினால் முதலில் வரும் பதில் இதுதான். நியாயமான பயம். ஆனால் இங்கே ஆசிரியர் கைடு வேலை பார்க்க வேண்டியதில்லை. கேள்வி கேட்டால் போதும்.

அபிகேல் ஹௌசன் என்ற உளவியலாளரும், நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். மூன்றே கேள்விகள். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்றே? இன்னும் என்ன கண்ணில் படுது? ஆசிரியர் சரி, தப்பு சொல்லக் கூடாது. மாணவி சொன்னதைத் திரும்பச் சொல்லி, சொன்ன இடத்தைக் கையால் சுட்டிக்காட்டி, அடுத்தவரிடம் நகர வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் உயிர். 'எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?' கருத்துக்கு ஆதாரம் கேட்கிற கேள்வி. வாட்ஸ்அப் ஃபார்வர்டில் தொடங்கி ஆபீஸ் பிரசன்டேஷன் வரைக்கும் நாம் கேட்க மறந்துபோகிற கேள்வியும் இதுதான்.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு யேல் பல்கலைக்கழகக் கதையைச் சொல்லலாம். அங்கே இர்வின் பிரேவர்மன் என்ற தோல் நோய்ப் பேராசிரியருக்கு ஒரு மனக்குறை. மருத்துவ மாணவர்கள் நோயாளியைப் பார்க்கிறார்கள், ஆனால் கவனிப்பதில்லை. அவர் மியூசியத்தின் கல்வி அதிகாரி லிண்டா ஃபிரீட்லேண்டரோடு சேர்ந்து மாணவர்களைப் பல்கலைக்கழக ஓவியக் கூடத்துக்கு அனுப்பினார். ஆளுக்கு ஒரு ஓவியம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் விவரிக்க வேண்டும். 'அவள் சோகமாக இருக்கிறாள்' என்று சொல்லக் கூடாது. தோள் எப்படி இருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு நோயாளிகளின் படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, இந்தப் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். 2001ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் முடிவு வெளியானது. அதற்கப்புறம் பல மருத்துவக் கல்லூரிகள் இதைப் பின்பற்றத் தொடங்கின.

ஒரு சின்ன விஷயம். இதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் விலங்கியல், தாவரவியல் ப்ராக்டிகலில் 'ஸ்பாட்டர்' வைப்பார்களே, அது என்ன? மேஜையில் ஒரு ஜாடி, பக்கத்தில் நம்பர் சீட்டு, பெல் அடிப்பதற்குள் பார்த்து எழுதணும். பொருளை முன்னால் வைத்துச் சிந்திக்க வைப்பதை அறிவியல் துறைகள் காலங்காலமாகச் செய்கின்றன. கலைப் பிரிவுகளுக்குத்தான் எப்படியோ எல்லாமே 'நோட்ஸ்' ஆகிப்போச்சு.

ஒரு கிண்ணம், நாலு டிபார்ட்மென்ட்

ஆதிச்சநல்லூர் வெண்கலக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெல்லிய சுவர், வழவழப்பான வளைவு. இதன் முன்னால் வேதியியல் வகுப்பை நிறுத்தினால் என்ன கேட்கலாம்?

சாதாரண வெண்கலத்தில் தகரம் சுமார் பத்து சதவீதம். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த சில கிண்ணங்களை சாரதா சீனிவாசன் போன்ற உலோகவியல் ஆய்வாளர்கள் சோதித்தபோது, தகரம் 23 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அவ்வளவு தகரம் சேர்ந்த உலோகம் ஆறிய நிலையில் சுத்தியல் பட்டால் விண்டுபோகும். அப்படியானால் இவ்வளவு மெல்லிசாக எப்படி அடித்தார்கள்? செக்கச் செவேலென்று காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே அடித்து, உடனே தண்ணீரில் அமிழ்த்தியிருக்கிறார்கள். செம்பு-தகரக் கலவையில் சுமார் 586 டிகிரிக்கு மேல் உருவாகும் பீட்டா என்ற நிலை வளைந்து கொடுக்கும். திடீரெனக் குளிர்விப்பது உலோகம் நொறுங்கும் நிலைக்குப் போகாமல் தடுக்கிறது. மாணவிகள் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் ஃபேஸ் டயகிராம், சாப்பிடும் கிண்ணமாக எதிரில் நிற்கிறது.

இதே கலவை தட்டினால் கணீரென்று ஒலிக்கும். தாளமும் மணியும் செய்வது ஏறக்குறைய இதே விகிதத்தில்தான். வெண்கலக் கடையில் யானை புகுந்த பழமொழி சத்தத்தைப் பற்றியதாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? இயற்பியல் துறையும் உள்ளே வந்தாச்சு.

வணிகவியல் மாணவிக்கு ஒரே கேள்வி போதும். தகரம் இந்த வட்டாரத்தில் கிடைக்காத உலோகம். அப்போ எங்கிருந்து வந்திருக்கும், பதிலுக்கு இங்கிருந்து என்ன போயிருக்கும்? ஆற்றின் முகத்துவாரத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கைத் துறைமுகம் இருந்ததை அவளே இணைத்துப் பார்க்கட்டும். சப்ளை செயின் என்ற சொல்லை அன்றைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

புள்ளியியலுக்கு சிவகளை இருக்கிறது. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் கணித்ததை 2021ல் தமிழக அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில், அதே சிவகளையின் இரும்புப் பொருட்களோடு கிடைத்த மாதிரிகளை வைத்து கி.மு. 3345 வரை இரும்பின் காலம் போகிறது என்று அறிவித்தார்கள், விவாதமும் கிளம்பியது. ஒரு மாதிரியை வைத்து எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? பிழை எல்லை என்றால் என்ன? பெருமைப்படுவதற்கு முன்னால் இந்தக் கேள்விகளைக் கேட்கும் மாணவி, பின்னால் எந்த டேட்டா டீமிலும் தாக்குப்பிடிப்பாள்.

தமிழ்த்துறைக்கு நான் கண்ணாடிப் பெட்டியைவிட்டு வெளியே வரச் சொல்வேன். திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையிலேயே, ஆதிச்சநல்லூர் போகிற வழியிலேயே கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில் இருக்கிறது. நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள். இளவரசியைத் தூக்கிப் போகும் குறவன், இளவரசனைத் தூக்கிப் போகும் குறத்தி. வகுப்பில் குற்றாலக் குறவஞ்சி நடத்துகிறவர் அந்தக் குறத்தியின் முன்னால் மாணவிகளை அரை மணி நேரம் நிற்க வைத்தால், நகையும் நடையும் கூடையும் பற்றி உரைநூல் பத்துப் பக்கம் சொல்வதைக் கண் சொல்லிவிடும். அது வழிபாட்டு இடம் என்பதால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது முக்கியம்.

தாழிகள் விஷயத்திலும் ஒன்று உண்டு. கண்ணாடித் தளத்துக்குக் கீழே இருப்பது பானை மட்டும் இல்லை. யாரோ யாரையோ அடக்கம் செய்த இடம். நம் கால் அதற்கு மேலே நிற்கிறது. இறந்தவர்களைக் காட்சிக்கு வைக்கலாமா, பெர்லினுக்குப் போனவை திரும்பி வர வேண்டுமா? ஆதிச்சநல்லூர் மண்டை ஓடுகளை அளந்து இன வகை பிரித்து, 1930ல் சென்னை மியூசியமே ஆய்வேடு வெளியிட்டது. மனிதர்களை அப்படிப் பிரிப்பதை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. அறிவியலும் தப்பு செய்யும் என்று நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சரி, ஆசிரியர் என்ன செய்யணும்?

முதலில் தனியாகப் போங்க. மாணவிகள் இல்லாமல், ஒரு சாயங்காலம். எல்லாவற்றையும் பார்க்காமல், உங்கள் பாடத்திட்டத்தின் ஒரு யூனிட்டோடு ஒட்டுகிற ஒரே பொருளைத் தேர்ந்தெடுங்க. அதிகபட்சம் இரண்டு. இதுதான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் 'இவ்வளவு தூரம் வந்துட்டு எல்லாத்தையும் காட்டாம விடுறதா' என்று மனசு அடித்துக்கொள்ளும். விட்டுடுங்க. மற்றவை பிடித்திருந்தால் அவர்களே அடுத்த முறை வீட்டோடு வருவார்கள்.

அறுபது பேரை ஒரு பெட்டி முன்னால் நிறுத்த முடியாது. பதினைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு பொருளின் முன்னால் இருக்கும்போது மற்றவர்கள் வெளியே எழுதும் வேலையில் இருக்கலாம். முதல் பத்து நிமிஷம் போன் பைக்குள். லேபிளையும் படிக்கக் கூடாது. கேமராவைக் காட்டினால் பொருளின் பேரைச் சொல்லும் ஆப் எல்லார் கையிலும் இருக்கிறது. பதில் முதலில் வந்துவிட்டால் கண் வேலையை நிறுத்திவிடும். பென்சிலால் வரையச் சொல்லுங்க. வரையத் தெரியணும் என்று இல்லை; விளிம்பு எங்கே மடங்குகிறது என்று பார்க்க வைக்கத்தான் பென்சில். அதற்குப் பிறகு மூன்று கேள்விகள். லேபிளும் போனும் கடைசியில்தான்.

'மேம், இது எங்க ஆச்சி வீட்டு வெங்கலப் பானை மூடி மாதிரி இருக்கு' என்று யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீங்க. 'எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?' என்று கேளுங்க. அன்றைய வகுப்பே அதில் இருந்துதான் கிளம்பும்.

மார்க் இல்லாமல் எதுவும் நிலைக்காது என்பதும் நமக்குத் தெரியும். 25 மார்க் இன்டர்னலில் அசைன்மென்ட்டுக்கு ஒதுக்கும் பங்கை இதற்குக் கொடுக்கலாம். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்ட இருபது பக்கத்துக்குப் பதிலாக, தான் பார்த்த ஒரு பொருளைப் பற்றிக் கையால் எழுதிய ஒன்றரைப் பக்கம். காப்பி அடிக்க முடியாது என்பது ஒரு போனஸ்.

பஸ் கிடைக்கலைன்னா?

பெண்கள் கல்லூரியில் ஒரு நாள் பயணம் என்றாலே அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து, இருட்டுவதற்குள் திரும்புவது, பஸ் வாடகை என்று ஆயிரம் இருக்கும். எல்லா செமஸ்டரும் நடக்காது. அப்போது பொருளை வகுப்புக்குக் கொண்டுவரலாம். 2004-05 தோண்டலில் ஒரு பானை ஓடு கிடைத்தது. களிமண்ணால் ஒட்டிச் செய்த புடைப்பு உருவங்கள்: ஒரு பெண், கொக்கு, மான், முதலை, பக்கத்தில் நெற்கதிர் போல ஒன்று. அதன் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுச் சுவரில் ஒட்டி, 'இதில் என்ன நடக்கிறது?' என்று கேட்டால், ஆங்கில இலக்கிய வகுப்புக்கு ஒரு மணி நேரம் போதாது.

அதைவிட எனக்குப் பிடித்த வழி, ஒரு பீரோவில் கல்லூரியே தனக்கொரு மியூசியம் தொடங்குவது. சாத்தான்குளம் சுற்றுவட்டாரத்தில் பனையேறிய குடும்பங்களின் வீட்டுப் பரணில் இன்னும் பாளை அரிவாள் கிடக்கும். அதைப் போட்டு இடுப்பில் கட்டிய பெட்டி, சுண்ணாம்பு தடவிய கலயம், கருப்பட்டி ஊற்றிய சிரட்டை, கொட்டான், சொளகு. கலயத்தில் ஏன் சுண்ணாம்பு? காரத்தன்மை பதநீரைப் புளிக்க விடாது, அதோ வேதியியல். பெட்டி பின்னலில் வடிவ கணிதம். மரத்துக்குச் சொந்தக்காரருக்கும் ஏறியவருக்கும் நடுவே பங்கு எப்படிப் பிரிந்தது என்பதில் பொருளாதாரம், கொஞ்சம் சங்கடமான சமூக வரலாறும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த தொ.பரமசிவன் உப்பையும் எண்ணெயையும் உடையையும் நூல்களைப் போல வாசித்துக் காட்டியவர். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குக்கு இந்தப் பார்வை ஒன்றும் புதுசு இல்லை.

பீரோவுக்கு ஒரு விதி வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் லேபிளை, கொண்டுவந்த மாணவியே வீட்டில் விசாரித்து எழுதணும்: என்ன பேர், யார் செய்தது, யார் பயன்படுத்தியது, எப்போது நின்றது, ஏன் நின்றது. கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் அதிக இடம் தேவைப்படும். அட்டையை வெட்டும்போதே கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளவும்.

நேரில் போகிறவர்களுக்கு: வார விடுமுறை நாள் ஒவ்வொரு மியூசியத்துக்கும் வேறு. கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறை, பாடம், எத்தனை பேர், எந்தப் பொருளைப் பார்க்க வேண்டும் என்று எழுதி இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்க. அந்தக் கடைசி விவரத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், சாவி வைத்திருப்பவரும் ஆர்வமாகிவிடுவார்.